படகுக் குசினியில் வெள்ளிக்கிழமை

1

இந்தக் கிழமை எனக்கு இரண்டு பொருட்கள் கிடைத்தன. ஒன்று, டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நான் வேலை செய்யும் சமையல் கூடத்தில் பதினைந்து வருடம் முடித்ததற்காகத் தபாலில் அனுப்பிய சட்டை ஊசி. வெள்ளி நிறம், நடுவில் ஒரு சின்ன விமானம். மற்றது, ஒரு சொகுசுப் படகில் சமையல்காரியாக வரும்படி கேட்டு வந்த வேலைக் கடிதம். ஊசியைச் சட்டையில் குத்திக் கண்ணாடியில் பார்த்துவிட்டு மேசை லாச்சிக்குள் வைத்தேன். கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எனக்கு நாற்பத்தொன்பது வயது. மொன்றியலில் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கணவர் குகன் சென்ட் லோரன்டில் ஒரு களஞ்சியத்தில் வேலை. மகள் மதுரா படிப்பை முடித்துவிட்டாள். செப்டெம்பரில் ஷெர்புரூக் நகரத்துக்கு வேலைக்குப் போகிறாள். பிள்ளைகள் வீட்டை விட்டுப் போவதைப் பற்றிப் புலம்பெயர்ந்தவர்கள் எல்லோரும் எழுதுகிறார்கள். தாய் போவதைப் பற்றி ஒருவரும் எழுதி நான் வாசித்ததில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு என் இப்போதைய வேலையை முதலில் விளக்கவேண்டும். விமானத்துக்குச் சமைப்பது வீட்டுச் சமையல் போலவும் இல்லை, உணவகச் சமையல் போலவும் இல்லை. ஒவ்வொரு உணவுக்கும் ஓர் அட்டை உண்டு. இத்தனை கிலோ கோழிக்கு இத்தனை கிராம் உப்பு என்று அதில் இருக்கும். நாங்கள் நிறுத்துப் போடுகிறோம், வெப்பநிலையை எழுதுகிறோம், மூடுகிறோம். ருசி பார்ப்பது எங்கள் வேலை அல்ல. அதற்கு வேறொரு பிரிவு இருக்கிறது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் கரண்டிகளோடு வந்து பார்த்துவிட்டுக் கையொப்பம் வைப்பார்.

இந்த ஒழுங்கு எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் நான் மரக்கறிதான். ஆனால் வெள்ளிக்கிழமையிலும் விமானங்கள் பறக்கின்றன, கோழி வேகவேண்டும். அட்டைப்படி நிறுத்துப் போட்டுவிட்டு வாய் சுத்தமாக வீட்டுக்கு வருவேன்.

2

கோடையில் மொன்றியல் பழைய துறைமுகத்துக்குப் பெரிய படகுகள் வரும். படகு என்று சொன்னால் நீங்கள் மீன்பிடி வள்ளத்தை நினைக்கக்கூடாது. எங்கள் தெருவில் நான்கு வீடுகளை வரிசையாக வைத்தால் வரும் நீளம், மூன்று தட்டு, வெள்ளை வெளேரென்று இருக்கும். உள்ளே முதலாளி குடும்பத்துக்கு ஐந்து படுக்கையறைகள். அவர்கள் வருடத்தில் சில கிழமைகள்தான் வருவார்கள். மிச்ச நாளெல்லாம் ஊழியர்கள் அதைத் துடைத்து, ஓட்டி, தயாராக வைத்திருப்பார்கள்.

ஜூலை முடிகிற நேரம் அப்படி ஒரு படகு வந்து நின்றது. பன்னிரண்டு ஊழியர்கள். இரண்டு சமையல்காரர்கள்: முதலாளிக்கும் விருந்தினருக்கும் சமைக்கும் தலைமைச் சமையல்காரர் லொயிக், ஊழியர்களுக்குச் சமைக்கும் இன்னொருவர். இந்த இரண்டாமவர் படியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். எங்கள் கூடம் தனியார் விமானங்களுக்கும் சாப்பாடு அனுப்புவது உண்டு. அதனால் ஊழியர்களின் மதியச் சாப்பாட்டுக்கு எங்களைக் கேட்டார்கள். சாரதிக்கு உதவியாக நானும் பெட்டிகளோடு போனேன்.

மூன்றாம் நாள் லொயிக் படகில் ஏறும் பாலத்தடியில் காத்துக்கொண்டு நின்றார். பிரெஞ்சு நாட்டில் பிரித்தானி என்ற கடற்கரைப் பகுதிக்காரர், நாற்பது வயது இருக்கும், கையெல்லாம் அடுப்புச் சுட்ட தழும்பு. பருப்புச் சூப்பைச் சமைத்தது யார் என்று கேட்டார். நான் என்றேன். அட்டையில் இல்லாத எதையோ போட்டிருக்கிறீர்கள் என்றார். சீரகத்தை வறுத்துப் போட்டதை ஒப்புக்கொண்டேன். எனக்கு அடுத்த கிழமையிலிருந்து இரண்டு கிழமை விடுமுறை இருந்தது. வீட்டுச் சுவருக்குப் பெயின்ற் அடிப்பதாகத் திட்டம். சுவர் ஓடிவிடாது என்று நினைத்து, நாட்கூலிக்கு அவரிடம் வேலை செய்யச் சம்மதித்தேன்.

படகின் குசினிக்குள் முதன்முதல் கால் வைத்த காலையை எழுதும்போதே எனக்குக் கை பரபரக்கிறது. எங்கள் படுக்கையறையை விடச் சின்ன இடம். ஆனால் ஒவ்வொரு லாச்சிக்கும் கொளுக்கி, அடுப்பைச் சுற்றிக் கம்பி, அலையில் சட்டி வழுக்காமல் இருக்க. ஒவ்வொரு கத்திக்கும் ஓர் இடம். ஒழுங்கை விரும்புகிறவளுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? வட்டக் கண்ணாடி வழியாக ஆறு தெரிந்தது. பதினைந்து வருடம் ஜன்னல் இல்லாத கூடத்தில் சமைத்தவள் நான். வெங்காயம் வெட்டியபடியே தண்ணீரைப் பார்த்தேன், விரலை வெட்டாமல் இருந்தது அதிசயம்.

3

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. அதுவும் ஆடி வெள்ளி. ஊழியர்களுக்குக் கோழியும் கிரீம் குழம்பும் என்று லொயிக் சொன்னார். கோழி வெந்த சாற்றில் வெண்ணெயும் கிரீமும் சேர்த்து இறுக்கும் பிரெஞ்சுக் குழம்பு. டோர்வலில் நூறு தடவைக்கு மேல் செய்திருக்கிறேன், உப்பின் அளவு மனப்பாடம். வழக்கம்போல் நிறுத்துப் போட்டேன். சாப்பாட்டு நேரம் நெருங்கியபோது லொயிக் வந்து ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்தார். பிறகு புதுக் கரண்டியொன்றை என்னிடம் நீட்டினார்.

“ருசி பாருங்கள், மதாம்.”

“இன்றைக்கு முடியாது. வெள்ளிக்கிழமை நான் இறைச்சி சாப்பிடுவதில்லை.”

“சமைத்திருக்கிறீர்களே.”

“சமைப்பேன். சாப்பிடமாட்டேன்.”

“உப்பு சரி என்று எப்படித் தெரியும்?”

“நிறுத்துப் போட்டேன்.”

அவர் வெண்ணெய்த் தாளை எடுத்து விரித்துக் காட்டினார். அவருடைய பகுதி வெண்ணெய். அதில் உப்புக் கல் கண்ணுக்கே தெரிந்தது. தங்கள் ஊரில் உப்பில்லாத வெண்ணெயைக் குழந்தைக்குக்கூடக் கொடுக்கமாட்டோம் என்றார். டோர்வலில் எங்களுக்கு வருவது உப்பில்லாத வெண்ணெய். ஆக என் அளவு சரி, குழம்பு கடல்நீர். ஒரு கரண்டி நாக்கில் வைத்திருந்தால் தாளைப் பார்க்காமலே தெரிந்திருக்கும்.

அவர் கத்தவில்லை. குழம்பைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டு, இருந்த கிரீமில் புதிதாக ஒன்றை ஐந்து நிமிடத்தில் செய்தார். ஊழியர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கழுவி முடிந்த பிறகுதான் பேசினார்.

“உங்கள் வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. படகின் கப்பித்தானிடம் சொல்லி நிரந்தரமாகவே எடுக்க நினைத்தேன். ஆனால் ருசி பார்க்காத ஒருவரிடம் குசினியை விட்டுவிட்டு நான் நிம்மதியாகப் படுக்கமுடியாது. கிழமையில் ஆறு நாள் சமையல்காரி எனக்கு வேண்டாம். யோசித்துச் சொல்லுங்கள், அதுவரை ஊழியர்களுக்கும் நானே சமைக்கிறேன்.”

மெட்ரோவில் வீட்டுக்கு வரும்போது ஒன்று விளங்கியது. ருசி பார்க்காமல் சமைப்பதை நான் இவ்வளவு காலமும் ஒரு திறமையாகவே எண்ணியிருந்தேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைச் சமையல் சுவாமிக்குப் படைத்த பிறகுதான் எங்கள் நாக்கில் படும். அடுப்படியில் ஒரு துளி நக்கினாலும் எச்சில். உப்புச் சரியோ என்று கேட்டால் அம்மா, “ஏன், மணத்திலை தெரியேல்லையே?” என்பார். அம்மாவுக்குத் தெரிந்தது. ஒரே உப்பு, ஒரே சட்டி, நாற்பது வருடம் ஒரே அடுப்பு. யாருடைய வெண்ணெயும் அந்தக் குசினிக்குள் வந்ததில்லை.

4

கடிதம் திங்கட்கிழமை வந்தது. ருசி பார்க்கச் சம்மதித்தால்தான் இது செல்லும் என்று லொயிக் அடியில் எழுதியிருந்தார். ஊரில் இருந்து என் மச்சாள் தொலைபேசியில் முதலில் கேட்டது சம்பளத்தைத்தான், ஆகவே அதையே முதலில் எழுதுகிறேன்.

இரண்டு விதமாகக் கொடுத்திருந்தார்கள். மூன்று மாதம் படகு, ஒரு மாதம் வீடு என்றால் மாதம் நாலாயிரத்து எண்ணூறு யூரோ. இரண்டு மாதம் படகு, இரண்டு மாதம் வீடு என்றால் மூவாயிரத்து அறுநூறு. எதை எடுத்தாலும் வீட்டில் இருக்கும் மாதத்துக்கும் அதே சம்பளம் வரும். போகவர விமானச் சீட்டு அவர்களுடையது. படுக்கை, சாப்பாடு, சீருடை, சலவை, சவர்க்காரம், பல் தேய்க்கும் பசை வரை படகில். வாடகை இல்லை, பஸ் சீட்டு இல்லை, செலவழிக்கக் கடையும் இல்லை. படகில் இருக்கும்போது நோய் வந்தாலும் அடிபட்டாலும் மருத்துவக் காப்புறுதி உண்டு. முறிந்த மணிக்கட்டுக்காரருக்கு வைத்தியச் செலவோடு சம்பளமும் தொடர்ந்து போகிறது என்று லொயிக் சொன்னார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

பணக்காரர் படகை வாடகைக்கு எடுத்தால் போகும்போது அன்பளிப்புக் கொடுப்பார்கள், அது கப்பித்தான் முதல் தளம் கழுவுபவர் வரை சமமாகப் பிரிக்கப்படும். எங்கள் படகை முதலாளி அதிகம் வாடகைக்கு விடுவதில்லை. ஆகவே அந்தக் காசை நான் கணக்கில் சேர்க்கவில்லை. படகுச் சம்பளத்துக்கு வரி இல்லை என்றும் பலர் சொல்வார்கள். நம்பவேண்டாம். வீடும் குடும்பமும் கியூபெக்கில் இருக்கிறவளுக்கு வரி இங்கேதான்.

இனி இல்லாதவை. பல் வைத்தியத்துக்கு ஒன்றும் இல்லை. ஓய்வூதியம் இல்லை. டோர்வலில் தொழிற்சங்கம் வாங்கித்தந்த இரண்டும் எனக்கு இருக்கின்றன. தனி அறையும் இல்லை. இருபத்துநாலு வயதுப் பணிப்பெண் ஒருத்தியோடு அடுக்குக் கட்டில், எனக்குக் கீழ்த்தட்டு.

கியூபெக் மருத்துவ அட்டை இன்னொரு சிக்கல். வருடத்தில் பாதிக்கு மேல் வெளியில் இருந்தால் அட்டை கேள்விக்குள்ளாகும் என்று கேள்விப்பட்டு, அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். இசை கேட்டேன், அழுத்தச் சொன்ன இலக்கங்களை அழுத்தினேன், மறுபடியும் இசை கேட்டேன். கடைசியில் வந்த பெண், நான் எங்கே வேலை செய்யப்போகிறேன் என்று கேட்டார். படகில் என்றேன். எந்த நாட்டில் என்றார். கடலில் என்றேன். அவருடைய கணினியில் கடல் என்ற நாடு இல்லை. மிகவும் பொறுமையான பெண். பாதிக்கு மேல் வெளியில் இருக்காதீர்கள், பிரச்சினை வராது என்றார். மூன்று மாதம் படகு, ஒரு மாதம் வீடு என்ற கணக்கை அந்த இடத்திலேயே வெட்டினேன். மூவாயிரத்து அறுநூறு போதும்.

எண்பதுகளில் எங்கள் பக்கத்திலிருந்து நிறைய ஆண்கள் கப்பலுக்குப் போனார்கள். எங்கள் தெருவில், ஒரே ஒழுங்கையில் இருந்த ஒருவர் கிரேக்கக் கப்பலில் சமையல்காரர். அவர் மனைவி ஒருநாளும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. “அவர் கப்பலிலை பெரிய இடத்திலை” என்பார். குசினியில் நிற்கும் ஆணுக்கு அந்தக் காலத்தில் மரியாதை இல்லை. குசினியில் நிற்கும் பெண்ணுக்குக் கப்பல் இல்லை. எனக்கு இப்போது இரண்டும் சேர்ந்து வந்திருக்கிறது என்ற நினைப்பே நித்திரையைக் கெடுத்தது.

5

வீட்டில் இதைப் பேசியது செவ்வாய் இரவுச் சாப்பாட்டில். குகன் கடிதத்தை வாசிக்கவில்லை, என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். சம்பளத்துக்குத் தலையாட்டினார். பல் வைத்தியம் இல்லை என்றதும் கடைவாயைத் தடவிக்கொண்டார். அவருடைய களஞ்சியத்தில் ஒரு சலுகையும் இல்லை. என் சங்கக் காப்புறுதியில்தான் அவர் பற்கள் நிற்கின்றன.

“என்ரை பல்லு போனால் போகட்டும்” என்றார். “அதுக்கில்லை நான் சொல்லுறது.”

“வேறை எதுக்கு?”

“நீர் கடலிலை போய் நிண்டு ஆருக்குச் சமைக்கப் போறீர்? கண்டறியாத வெள்ளைக்காரருக்கு.”

“இப்பவும் கண்டறியாத ஆக்களுக்குத்தானே சமைக்கிறன். அவை ஆகாயத்திலை நிக்கினம், அவ்வளவுதான்.”

மதுரா சிரித்துவிட்டாள். அவளுக்குத் தமிழ் முழுமையாக விளங்கும், பேசுவது குறைவு. பிரெஞ்சில்தான் சண்டை பிடிப்பாள். அன்று தமிழிலேயே பிடித்தாள்.

“அப்பா, நான் ஷெர்புரூக் போறன் எண்டு சொன்ன அண்டைக்கு நீங்கள் கேக் வாங்கி வந்தீங்கள். அம்மா போறன் எண்டதுக்கு ஏன் மூஞ்சை இப்பிடி?”

“நீ பிள்ளை. போகவேணும்.”

“அம்மாவும் ஒரு ஆள்.”

குகன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: “எனக்குச் சமைக்கத் தெரியும். உடுப்புத் தோய்க்கத் தெரியும். தனிய இருக்கத்தான் தெரியாது.”

இருபத்துநாலு வருடத் திருமணத்தில் அவர் இப்படி ஒன்றைச் சொன்னதில்லை. இரண்டு மாதம் போனால் இரண்டு மாதம் முழுநேரமும் வீட்டில் இருப்பேன், இப்போது உங்களுக்கு இரவு வேலை, எனக்குக் காலை வேலை, நாங்கள் சேர்ந்து சாப்பிடுவதே கிழமையில் இரண்டு தரம் என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

எப்படியும், லொயிக்கின் நிபந்தனைக்கு நான் பதில் சொல்லாவிட்டால் எங்கள் பேச்சுக்கே வேலை இல்லை.

6

புதன்கிழமை லொயிக்குக்குத் தொலைபேசி எடுத்தேன். இரண்டு விடயம் சொன்னேன். ஒன்று, ருசி பார்க்காமல் என் கையிலிருந்து இனி ஒரு சட்டியும் வெளியே போகாது. இரண்டு, வெள்ளிக்கிழமை மதியம் ஊழியர் சாப்பாடு மரக்கறியாக இருக்கவேண்டும்.

அவர் சிரித்தார். தன் தாயும் வெள்ளிக்கிழமை இறைச்சி சமைக்காதவர், மீன்தான் என்றார். எனக்கு மீனும் ஆகாது என்றேன். சிரிப்பு நின்றது. படகு சனிக்கிழமை புறப்படுகிறது, வெள்ளிக்கிழமை வந்து சமைத்துக் காட்டுங்கள், நாள் முழுக்கக் கயிறு இழுக்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம் என்றார்.

கோத்-தெ-நேஜில் இருக்கும் தமிழ்க் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கினேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, உருளைக்கிழங்குப் பிரட்டல், சொதி, அப்பளம், வடை. முந்தின இரவு உழுந்து ஊறப்போடும்போது எனக்குக் கலியாண வீட்டுப் பரபரப்பு. குகன் வேலைக்குப் புறப்படும்போது உழுந்துச் சட்டியை எட்டிப் பார்த்து, இது பன்னிரண்டு பேருக்குக் காணாது என்றார். இன்னும் ஒரு சுண்டு அளந்து போட்டேன்.

வெள்ளி காலை எல்லாம் அடுப்பில் ஏறியது. இறக்கியதும் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து ஒரு சின்னத் தட்டில் வைத்து, வட்டக் கண்ணாடியடியில் வைத்துக் கும்பிட்டேன். லொயிக் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அது யாருக்கு?”

“முதலாளிக்கு.”

“முதலாளி அடுத்த மாதம்தான் வருகிறார்.”

“இவர் ஏற்கெனவே படகில் இருக்கிறார்” என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டார்.

பிறகு கரண்டிகளை எடுத்தேன். ஒரு சட்டிக்கு ஒரு கரண்டி. அடுப்படியில் நின்றபடி, ஆடி வெள்ளியில், சொதியை நாக்கில் வைத்தேன். உப்புக் காணாது. என் கைக்கணக்குப்படி சரியாக இருந்திருக்கவேண்டும். தேங்காய்ப்பால் வேறு கம்பனியுடையது, இனிப்புக் கூடியது. உப்புப் போட்டு, கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விட்டு, மறுபடி பார்த்தேன். இப்போது சரி. அந்தச் சின்ன ‘சரி’யில் எனக்கு உண்டான சந்தோசத்தை எப்படி எழுதுவது? பதினைந்து வருடம் சமைத்திருக்கிறேன், ஒரு சட்டியைக்கூட நானே சரி என்று சொன்னதில்லை. வெள்ளைக் கோட்டுக்காரர்தான் சொல்வார்.

சாப்பிட வந்தவர்களில் தளப் பொறுப்பாளர் நியூசிலாந்துக்காரர், கதவு நிறைந்த ஆள். மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டுக் கோழி எங்கே என்றார். இன்றைக்குக் கோழிக்கு லீவு என்றேன். வடையை ஒன்று எடுத்தார். பிறகு இரண்டு எடுத்தார். பிறகு தட்டோடு தன் பக்கம் இழுத்ததை என்னோடு அறையில் இருக்கப்போகும் பணிப்பெண் பறித்தாள். எல்லோரும் மயங்கி விழுந்தார்கள் என்று நான் எழுதமாட்டேன். இரண்டு பேர் கத்தரிக்காயை ஒதுக்கிவிட்டு, குளிர்ப்பெட்டியில் இருந்த பன்றியிறைச்சியைப் பாண் துண்டுகளுக்கு நடுவில் வைத்துச் சாப்பிட்டார்கள். அவர்கள் வாய் அவர்களுடையது.

லொயிக் கடைசியாக ஒரு கேள்வி வைத்திருந்தார்.

“நான் காய்ச்சலில் கிடக்கிறேன். முதலாளி வந்திருக்கிறார், மாட்டிறைச்சி கேட்கிறார். என்ன செய்வீர்கள்?”

மாட்டிறைச்சியை நான் எந்த நாளிலும் வாயில் வைத்ததில்லை. அதை மறைக்கவும் விரும்பவில்லை.

“சமைப்பேன். பணிப்பெண்ணைக் கூப்பிட்டு என் முன்னால் ருசி பார்க்கச் சொல்வேன். அவள் காணாது என்றால் திருத்துவேன், மறுபடி கொடுப்பேன். அவள் சரி என்னும்வரை வெளியே போகாது.”

“அது போதும்” என்று தலையாட்டினார். “வெள்ளிக்கிழமை இறைச்சி வேண்டியவன் தானே வெட்டிக்கொள்ளட்டும்” என்றார். அன்று பின்னேரமே கப்பித்தானிடம் சொல்லி, ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்து அனுப்பினார்: வெள்ளி மதியம் ஊழியர் உணவு மரக்கறி. சம்பளம், காப்புறுதி, விமானச் சீட்டு என்று போகும் பட்டியலில் அந்த வரியும் ஒரு சலுகையாக இருக்கிறது.

7

நேற்றுச் சனிக்கிழமை படகு போய்விட்டது. நான் ஒக்டோபரில் ஹாலிஃபக்ஸ் துறைமுகத்தில் ஏறவேண்டும். அதற்கு முன் கடலோடிகளுக்கான வைத்தியப் பரிசோதனையும், கட்டாயமான கடல் பாதுகாப்புப் பயிற்சியும் இருக்கின்றன. பயிற்சியின் ஒரு பகுதி நீச்சல் குளத்தில் நடக்கும். மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு உயரத்திலிருந்து குதிக்கவேண்டும், கவிழ்ந்த மிதவையை நிமிர்த்த வேண்டும். எனக்கு நீச்சல் தெரியாது. மூன்று பக்கமும் கடல் உள்ள ஊரில் பிறந்தவள்தான், ஆனால் எங்கள் வீடுகளில் பெண்பிள்ளைகள் கடலைப் பார்க்க மட்டும் போவார்கள்.

ஒப்பந்தத்தில் கையொப்பம் வைக்காமலே இதையெல்லாம் இன்று காலை குகனுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் தேத்தண்ணியை வைத்துவிட்டு, குளம் எவ்வளவு ஆழம் என்று கேட்டார். தெரியாது என்றேன். எத்தனை அடி உயரத்திலிருந்து குதிக்கவேண்டும் என்றார். அதுவும் தெரியாது. பயமில்லையோ என்றார். பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் குதிக்க விருப்பமாகவும் இருக்கிறது என்றேன்.

பேனையை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

“நீர் குதியும். நான் கரையிலை, துடைக்கத் துவாயோடை நிக்கிறன்.”